நெருப்புத் தீவும் இருவாட்சித் தீவும்

அந்தமான் கடலின் இரண்டு எரிமலைத் தீவுகளை நோக்கி ஒரு பயணம்

அந்தமானில் பொழுது நம்மூரைவிட முன்னதாகவே புலர்ந்துவிடுகிறது. கோடையின் தொடக்கத்தில் ஐந்து மணிக்கே கிழக்கு வெளுக்கத் தொடங்கும். ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியுள்ள பழைய போர்ட் பிளேர் துறைமுகத்திலிருந்து இரவில் புறப்பட்ட கப்பலின் மேல்தளத்தில், தூக்கம் கலையாத முகங்களோடு பயணியர் கூடி நிற்பர். வானில் சில மேகங்கள் மெல்ல நகர்ந்து செல்லும். அடிவானத்தை ஒட்டிய ஒரு சிறு மேகம் மட்டும் இடம் பெயராமல் நிற்கும். வழிகாட்டி அதைச் சுட்டிக்காட்டி, "அது மேகமன்று, புகை" என்பார். பாரன் தீவுப் பயணத்தில், எரிமலை விழித்திருக்கும் நாள்களின் காலைப்பொழுது பெரும்பாலும் இவ்வாறே தொடங்குகிறது.

அந்தமான் நிக்கோபார் ஒன்றியப் பகுதியில் சிறியனவும் பெரியனவுமாக 836 தீவுகளும் பாறைத் திட்டுகளும் உள்ளன. மக்கள் வாழ்பவை அவற்றுள் 31 மட்டுமே. தமிழருக்கு இத்தீவுகள் புதியவை அல்ல. முதலாம் இராசேந்திர சோழனின் கடல் கடந்த வெற்றிகளைக் கூறும் தஞ்சைக் கல்வெட்டில் நிக்கோபார், 'மாநக்கவாரம்' என்னும் பெயரால் இடம்பெற்றுள்ளது. இன்றும் அந்தமானின் கடைத்தெருக்களில் தமிழ் ஒலிக்கக் கேட்கலாம். ஆயினும் அங்குச் செல்லும் நம்மவருள் பெரும்பாலோர் சிற்றறைச் சிறையையும் சுவராஜ் தீவின் கடற்கரையையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். கிழக்கே, ஆழ்கடலின் நடுவில் தனித்து நிற்கும் இரண்டு எரிமலைத் தீவுகள் பலரது பயணத் திட்டத்தில் இடம்பெறுவதில்லை. அவற்றுள் ஒன்று பாரன், மற்றொன்று நார்கொண்டம். முன்னதில் நெருப்பு இன்னும் அணையவில்லை. பின்னதில் நெருப்பு அணைந்து, காடு வளர்ந்து, உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு பறவை குடியேறிவிட்டது.

பெயர் பொய்த்த தீவு

ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 138 கி.மீ. தொலைவில் உள்ளது பாரன் தீவு. அதன் குறுக்களவு சுமார் 3 கி.மீ. மட்டுமே; உயரம் ஏறத்தாழ 350 மீட்டர். கண்ணுக்குத் தெரியும் இந்தக் குன்று உண்மையில் ஒரு பெருமலையின் முடியே ஆகும். எஞ்சிய பகுதி கடலடியில் 2 கி.மீக்கும் மேலாக இறங்கிச் செல்கிறது. இந்திய நிலத்தட்டு கிழக்கே பர்மியத் தட்டுக்கு அடியில் நழுவிச் செல்கையில், ஆழத்தில் பாறை உருகி மேலெழுகிறது. சுமத்திராவிலிருந்து மியான்மர் வரை நீளும் எரிமலைத் தொடர் அவ்வாறு உருவானதே. இந்தியாவில் இன்றும் உயிர்ப்புடன் உள்ள ஒரே எரிமலை பாரன்தான்.

கடலுக்கு மேலே தெரியும் இதன் எரிமலைப் பாறைகளுள் பழமையானவை சுமார் 16 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என ஆய்வாளர் கணித்துள்ளனர். மனிதர் எழுதிவைத்த குறிப்புகளின்படி அது முதலில் சீறியது 1787இல். 1789இல் அவ்வழியே சென்ற கடற்படை அதிகாரி ஆர்ச்சிபால்டு பிளேர் அதன் சீற்றத்தைக் கண்டு பதிவு செய்தார். துறைமுக நகரின் பழைய பெயர் இவரை ஒட்டியதே. பின்னர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அடங்கிய எரிமலை, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உறங்கி, 1991இல் திடீரென விழித்தது. 1994-95இலும் 2005இலும் மீண்டும் குமுறியது. 2017 ஜனவரியில், தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் அறிவியலார் தம் ஆய்வுக்கப்பலிலிருந்து புதிய சீற்றத்தை நேரில் கண்டனர். பகலில் சாம்பல் மட்டுமே தெரிந்த இடத்தில் இருட்டிய பின் செந்நிறக் குழம்பு பீறிட்டு வழிவது தெரிந்ததாக அவர்கள் அறிவித்தனர். 2025 செப்டம்பரிலும் மெல்லிய சீற்றங்கள் பதிவாயின.

'பாரன்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தரிசு என்பது பொருள். மேற்கிலிருந்து நெருங்கும் கப்பலில் நிற்பவருக்கு அப்பெயர் பொருத்தமாகவே தோன்றும். பழைய எரிமலையின் வட்டச் சுவர் இப்பக்கத்தில் உடைந்து திறந்திருக்கிறது. நடுவில் கரிய கூம்பு. அதிலிருந்து கடல் வரை உறைந்து கிடக்கும் எரிகுழம்பின் கருந்தடம். பசுமையின் சுவடே இல்லை. ஆனால் கப்பல் தீவைச் சுற்றித் தெற்கும் கிழக்குமாகத் திரும்பியதும் காட்சி முற்றிலும் மாறிவிடுகிறது. சுவரின் வெளிச்சரிவில் அடர்ந்த மரங்கள் நீர் விளிம்பு வரை இறங்கி நிற்கின்றன. பெயரிட்டவர் தீவின் ஒரு பக்கத்தைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

சாம்பலுக்குப் பின் வந்தவை

இங்கு விலங்குகளைக் காண விரும்புபவர் காட்டைப் பார்ப்பதற்கு முன் கடலைப் பார்க்கப் பழக வேண்டும். கப்பலின் முன்முனை நீரைக் கிழிக்கையில் பறவைக் கோலா மீன்கள் கூட்டமாக எழுந்து, அலைகளின் மேல் சில நொடிகள் மிதந்து, மீண்டும் மூழ்கும். நல்வாய்ப்பு இருந்தால் டால்பின்கள் கப்பலோடு போட்டியிட்டு ஓடும். நிலம் நெருங்க நெருங்க ஆலாக்கள் மிகும். வெண்வயிற்றுக் கடற்கழுகு ஒன்று பாறை விளிம்பிலிருந்து எழுந்து வட்டமிடக்கூடும்.

தீவை நெருங்கிய பின் வழிகாட்டி முதலில் காட்டுவது பெரும்பாலும் புறாக்களையே. உடல் வெண்மையும் சிறகு விளிம்பு கருமையுமான இந்தப் பெரும்புறாக்கள் பாரனில் ஏராளம். அவை தீவுக்குத் தீவு பறந்து பழம் உண்பவை. ஓரிடத்தில் விழுங்கிய விதையை வேறோரிடத்தில் விட்டுச்செல்பவை. எரிந்த நிலத்தில் மீண்டும் காடு முளைப்பதற்கு இவற்றைப் போன்ற பறவைகளும் பழந்தின்னி வௌவால்களும் பெருங்காரணம்.

1991ஆம் ஆண்டுச் சீற்றம் இத்தீவின் உயிர்களை எவ்வாறு பாதித்தது என்பதை அறிய 1993 ஏப்ரலில் ஓர் ஆய்வுக்குழு இங்கு வந்தது. அதுவரை அறியப்பட்டிருந்த 16 பறவை இனங்களுள் ஆறு மட்டுமே அப்போது கண்ணில் பட்டன. அவற்றுள்ளும் மிகுதியாக இருந்தவை மேற்கூறிய புறாக்களே. பூச்சிகளில் 51 இனங்கள் பதிவாயின. பேரழிவு நிகழ்ந்து இரண்டே ஆண்டுகளில் கண்ட கணக்கு இது. இழப்பு பெரிது, ஆனால் தீவு வெறுமையாகிவிடவில்லை.

இந்தோனேசியாவின் கிரகட்டோவாவுக்கு நேர்ந்தது இதைவிடக் கொடியது. 1883 ஆகஸ்டில் அந்த எரிமலை வெடித்தபோது எஞ்சிய நிலம் முழுவதும் சாம்பலால் மூடுண்டது. ஏறத்தாழ ஒன்பது மாதங்களுக்குப் பின் அங்குச் சென்ற குழுவினர் கண்ட ஒரே உயிர், வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு சிறு சிலந்தி. காற்றில் மிதந்து வந்த அதனைத் தொடர்ந்து புல் வந்தது, பறவை வந்தது, இன்று அங்குக் காடு உள்ளது.

பாரனில் இந்த மீட்சியைக் கடலடியிலும் காணலாம். கடலுக்குள் பாய்ந்து உறைந்த எரிகுழம்பின் மேல் பவளங்கள் வேரூன்றி வளர்ந்துள்ளன. கரிய பாறைமேல் வண்ணப் பவளமும் கண்ணாடி போன்ற நீரும் அமைந்திருப்பதால், மூழ்கல் பயிற்சி பெற்றோர் இக்கடலைப் பெரிதும் விரும்புகின்றனர். சிறகு விரித்தாற்போல் நீந்தும் யானைத் திருக்கைகளை இங்கு அவர்கள் காண்கின்றனர்.

நரககுண்டம் என்ற பெயர்

பாரனிலிருந்து வடக்கு வடகிழக்காக ஏறத்தாழ 135 கி.மீ. சென்றால் நார்கொண்டம். வட அந்தமானிலிருந்து சுமார் 130 கி.மீ. கிழக்கே இருக்கிறது இது. பரப்பு 7 சதுர கி.மீக்கும் குறைவு; ஆனால் உச்சி 710 மீட்டர் உயரம். கடலிலிருந்து நேரே எழும் மலை. மலை முழுவதும் காடு. உச்சியில் பெரும்பாலும் மேகம்.

'நரககுண்டம்' என்னும் சொல்லின் திரிபே நார்கொண்டம் என்பர். நெருப்புக் குழியைக் குறிக்கும் அப்பெயர் பாரனுக்கு உரியதாக இருந்து, மாலுமிகளின் வரைபடங்களில் இடம் மாறியிருக்கலாம் என்று கருதுவோரும் உளர். ஏனெனில் நார்கொண்டம் சீறியதாக வரலாற்றுக் காலத்தில் எந்தப் பதிவும் இல்லை.

இத்தீவு எந்த நிலத்தோடும் ஒருகாலத்திலும் இணைந்திருந்ததில்லை. எனவே பறக்கவோ மிதக்கவோ இயன்ற உயிர்களே இங்கு வந்து சேர்ந்தன. யானையும் மானும் குரங்கும் இல்லாத இக்காட்டில், வந்து சேர்ந்த சில இனங்கள் போட்டியின்றிப் பெருகின. தலைமுறைகள் கடந்து தனி இனங்களாயின. 2021இல்கூட, அறிவியல் அதுவரை அறியாத ஒரு மூஞ்சூறு இனத்தை இந்திய விலங்கியல் ஆய்வகத்தினர் இத்தீவிலிருந்து விவரித்தனர்.

நார்கொண்டத்தின் புகழுக்குரியது இருவாட்சி. இந்தியாவில் உள்ள ஒன்பது இருவாட்சி இனங்களுள் இது ஒன்று. ஆனைமலையிலும் வால்பாறையிலும் பெரிய இருவாட்சியைக் கண்டவர்களுக்கு இது சிறிதாகத் தோன்றும். நீளம் முக்கால் மீட்டருக்கும் குறைவு. ஆணின் தலையும் கழுத்தும் செம்பழுப்பு. பெண் முழுக் கறுப்பு. இரண்டுக்கும் வால் வெண்மை. தொண்டைப் பையின் தோல் நீலம். 1873இல் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். இந்திய தேசியக் காங்கிரசின் தோற்றத்தில் பெரும்பங்கு கொண்டவராக நாம் அறிந்த அதே ஹியூம்தான், தம் காலத்தின் தலைசிறந்த பறவையியலாளருள் ஒருவராகவும் விளங்கினார்.

படகு கரையோரமாக மெல்லச் செல்லும்போது, காட்டின் கூரைக்கு மேல் இருவாட்சிகள் இணையாகவும் சிறு கூட்டமாகவும் பறப்பதைக் காணலாம். கண்ணில் படுவதற்கு முன்னரே சிறகடிக்கும் ஓசை காதில் விழும். சிறகுகளின் இடையே காற்று புகுந்து எழுப்பும் அந்த ஒலியைக் கேட்டவர் எளிதில் மறப்பதில்லை.

அடைபட்ட கூடு

இப்பறவையின் வாழ்க்கையில் மிக நுட்பமான காலம் பிப்ரவரி முதல் மே வரையுள்ள இனப்பெருக்கப் பருவம். பெரிய மரத்தின் பொந்துக்குள் பெண் பறவை புகுந்துகொள்கிறது. வாயில் அடைக்கப்படுகிறது, அலகு நீட்டும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் எஞ்சுகிறது. உள்ளே முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு வளரும் வரை பல வாரங்கள் அது வெளிவருவதில்லை. அத்தனை நாளும் ஆண் பறவை காடெங்கும் அலைந்து அத்தி இனப் பழங்களையும் பிற கனிகளையும் கொண்டுவந்து, அந்தப் பிளவின் வழியே ஊட்டுகிறது.

இதன் பொருளைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். பருவகாலத்தில் ஓர் ஆண் பறவை மடிந்தால், இழப்பு ஒன்றோடு நிற்பதில்லை. உள்ளே காத்திருக்கும் பெண்ணும் குஞ்சும் உணவு வரும் வழியை இழக்கின்றன. ஒரு பெருமரம் வெட்டுண்டால், போவது வெறும் மரமன்று; பல தலைமுறைகள் பயன்படுத்தக்கூடிய வீடு.

முன்னைய ஆய்வுகள் இத்தீவின் இருவாட்சிகளை 300 முதல் 400 வரை என மதிப்பிட்டிருந்தன. 2019ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 2020ஆம் ஆண்டின் தொடக்கம் வரை அங்குத் தங்கி ஆய்ந்த குழுவினர், ஏறத்தாழ 1,000 பறவைகள் இருப்பதாகக் கணித்தனர். சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 150 என்னும் இந்த அடர்த்தி, உலகில் எந்த இருவாட்சி இனத்துக்கும் பதிவாகாத ஒன்று. கணக்கிட்ட முறைகள் வேறானவை. ஆகையால் பறவைகள் மும்மடங்காகிவிட்டன என்று கொள்ளுதல் தவறு. காடு இன்னும் வளமாக உள்ளது, அத்தி மரங்கள் போதிய அளவு கனி தருகின்றன என்று கொள்ளுதல் சரி.

ஆயினும் மகிழ்ச்சியோடு ஓர் அச்சமும் உடன்வருகிறது. சேமிப்பு முழுவதையும் ஒரே இடத்தில் வைக்கலாகாது என்பது வங்கி வாடிக்கையாளர் யாவரும் அறிந்த அறிவுரை. இந்த இருவாட்சிக்கு அந்த வாய்ப்பே இல்லை. அதன் முழு இருப்பும் 7 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிட்டது. ஒரு பெரும்புயல், ஒரு காட்டுத்தீ, கப்பலில் வந்திறங்கும் ஒரு நோய், இவற்றுள் எது வந்தாலும் ஈடுசெய்வதற்கு வேறொரு காடு இல்லை. வேறொரு கூட்டமும் இல்லை.

ஆடுகள் கற்பித்த பாடம்

இவ்விரு தீவுகளும் மனிதரால் பெற்ற துன்பம் பெரும்பாலும் தீய எண்ணத்தால் விளைந்ததன்று. பாரனில் இன்றும் ஆடுகள் திரிகின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கப்பலில் வந்தோர் விட்டுச்சென்ற ஆடுகளின் வழித்தோன்றல்கள் அவை. நார்கொண்டத்தில் 1960களின் இறுதியில் காவல்துறைச் சாவடி அமைந்தது. தனிமையில் பணியாற்றியோர் உணவுக்காக 1970களில் ஆடுகளைக் கொணர்ந்தனர். சிறிது காடு வாழையும் தென்னையுமாக மாறியது. ஆடுகள் காட்டுக்குள் புகுந்து பெருகி, இளங்கன்றுகளை மேய்ந்தன.

நிற்கும் பெருமரத்தை ஆடு தொடுவதில்லை. எனவே பார்ப்பவருக்குக் காடு பழுதின்றித் தோன்றும். அது தின்பது ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் பெருமரமாகப்போகும் கன்றை. இன்றைய வருவாய் குறையாமலிருக்க, நாளைய முதல் கரைவதைப் போன்றது இது. இதை உணர்ந்த பின், நார்கொண்டத்திலிருந்து ஆடுகளை அகற்றும் பணி மேற்கொள்ளப்பட்டது.

பசிபிக் பெருங்கடலின் காலபகசு எரிமலைத் தீவுகளும் இதே பாடத்தைக் கற்றன. அங்குள்ள பிந்தா தீவில் 1959இல் விடப்பட்ட மூன்றே ஆடுகள் சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்காகப் பெருகித் தாவரங்களை மொட்டையாக்கின. அத்தீவுக்கே உரிய பேராமை இனத்தின் கடைசி உயிரான 'தனியன் ஜார்ஜ்' 2012இல் இறந்தது. ஆடுகள் அதற்கு முன்பே அகற்றப்பட்டுவிட்டன, காடும் மீண்டது, ஆமை மீளவில்லை.

நார்கொண்டத்தில் இன்னொரு கேள்வியும் எழுந்தது. நாட்டின் கடல் எல்லையைக் காக்க இங்கு ராடார் நிலையம் அமைக்கக் கடலோரக் காவல்படை அனுமதி கோரியது. 2012இல் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயந்தி நடராஜன் அதை மறுத்தார். 2014இல் அடுத்த அரசு அனுமதி வழங்கியது. எல்லைக் காவலும் இன்றியமையாதது. பறவைக்கும் வேறு புகலிடமில்லை. இரு தரப்பிலும் நியாயம் இருக்கும் இத்தகைய இடங்களில், எடுத்த முடிவைவிட அதை நிறைவேற்றும் முறையே பெரிது. எத்தனை மரம் விழுகிறது, இரவில் எவ்வளவு வெளிச்சம் எரிகிறது, வந்து தங்குவோர் எதைக் கொண்டுவருகின்றனர், எதைக் கொண்டுபோகின்றனர் என்பவற்றில்தான் இருவாட்சியின் எதிர்காலம் உள்ளது.

தொலைவில் நிற்றல்

பாரன் தீவில் சுற்றுலாப் பயணியர் கரையிறங்க அனுமதி இல்லை. நார்கொண்டத்திலும் அனுமதியின்றிக் காலடி வைக்க இயலாது. இரண்டும் வனவிலங்குச் சரணாலயங்கள். இவ்வளவு தொலைவு வந்தும் இறங்க முடியவில்லையே என்று சிலர் கப்பலில் வருந்துவதுண்டு. அவர்களுக்கு வழிகாட்டிகள் கூறும் விளக்கம் எளியது. காலணியில் ஒட்டிய விதை, பையில் ஒளிந்த எலி, கையிலிருந்து விழுந்த பழக்கொட்டை ஆகிய ஒவ்வொன்றும் இத்தீவுக்குப் புதிய வருகையாளரே. ஆடும் அவ்வாறுதான் வந்தது.

காலபகசில் இறங்க அனுமதி உண்டு. ஆனால் பூங்கா நிர்வாகத்தின் உரிமம் பெற்ற வழிகாட்டி உடன் வர வேண்டும். ஒரு வழிகாட்டிக்குப் 16 பேருக்கு மேல் கூடாது. விலங்கிடமிருந்து 2 மீட்டர் விலகி நிற்க வேண்டும். ஐஸ்லாந்துக் கடலில் 1963இல் பிறந்த சர்ட்சி எரிமலைத் தீவிலோ ஆய்வாளரைத் தவிர வேறெவரும் இறங்கலாகாது. இடத்துக்கு இடம் விதி மாறினும் அடிப்படை ஒன்றே. பார்வையாளர் திரும்பிய பின், அவர் வந்ததற்கான அடையாளம் அங்கு இருக்கக் கூடாது.

மாலையில் கப்பல் மேற்கு நோக்கித் திரும்பும். தளத்தில் நிற்பவர் கையில் கிளிஞ்சல் இல்லை, கல் இல்லை, தீவின் மண்கூட இல்லை. தொலைநோக்கியில் கண்ட ஒரு செம்பழுப்புத் தலையும் காதில் நின்ற சிறகோசையும் மட்டும் உண்டு. அடுத்து வருபவருக்கும் அவை கிடைக்க வேண்டுமானால், நாம் கொண்டுவருவது அவ்வளவாகவே இருத்தல் நலம்.

செல்ல விரும்புவோர் கவனத்திற்கு

காலம்: டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். மழைக்காலத்தில் பயணம் தடைபடக்கூடும். எரிமலை சீறும் நாள்களில் கப்பல்கள் விலகியே நிற்கும்.

வழி: சென்னையிலிருந்து விமானத்தில் சுமார் இரண்டு மணி நேரத்தில் ஸ்ரீ விஜயபுரம் சேரலாம். கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள்கள் ஆகும். அங்கிருந்து பாரன் தீவுக்கு அனுமதி பெற்ற கப்பல்களிலும் படகுகளிலும் மட்டுமே செல்லுங்கள். நார்கொண்டப் பயணம் அரிதானது. முன்கூட்டியே அனுமதி பெற்றுத் திட்டமிட வேண்டும்.

உடன் கொள்ள வேண்டியவை: தொலைநோக்கி, தொப்பி, நீர்க்குப்பி, கடல் ஒவ்வாமைக்கு மருத்துவர் பரிந்துரைத்த மாத்திரை, அடையாள அட்டை. சிறு தீவுகளில் தானியங்கிப் பண இயந்திரங்கள் குறைவு. இணையத் தொடர்பும் சில இடங்களில் தளரும். எனவே தேவையான ரொக்கத்தை நகரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

தவிர்க்க வேண்டியவை: பவளத்தையும் பாதுகாக்கப்பட்ட சங்கு, சிப்பி இனங்களையும் எடுத்து வருவது சட்டப்படி குற்றம். உணவுக் கழிவையும் நெகிழியையும் கடலில் எறியாதீர்கள். பறவையை எழுப்புவதற்காக ஒலி எழுப்பாதீர்கள். சற்றுப் பொறுத்திருந்தால் அதுவே வந்து காட்சி தரும்.